பிளாட் மெயின்டனன்ஸ்: பாதிப் பேர் கட்டுவதில்லை, பம்ப் மாற்றக் காசில்லை. கட்டணத்தை ஏற்றலாமா?

பந்திங் பிளாட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியா, சிலாங்கூரில் பந்திங் பக்கம் ஐந்து மாடி மலிவு விலை பிளாட். லிஃப்ட் கிடையாது. 80 வீடு, கீழே 4 கடை. கேரித் தீவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள்தான் பாதிக்கு மேல், மீதிப் பேர் தெலுக் பங்ளிமா காராங் ஃபேக்டரிகளுக்குப் போகிறவர்கள், அப்புறம் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஸ்ட்ராட்டா கிராண்ட், அதாவது வீட்டுக்கு வீடு தனி உரிமைப் பத்திரம், இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் எம்சி என்ற நிர்வாகக் கழகம் இல்லை, ஜேஎம்பி என்ற கூட்டு நிர்வாக அமைப்புதான் நடக்கிறது. போன ஏஜிஎம்மில், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், "நீ ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளை, உனக்குக் கணக்கு வரும்" என்று சொல்லி என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களே இருபத்தைந்து பேர் இருந்தால் அதிகம்.

நிலைமை இதுதான். வீட்டுக்கு மாதம் 45 வெள்ளி (ரிங்கிட்), பெரிய செலவுக்குச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்ட் 4.50. கடைக்கு இரட்டிப்பு. எல்லாரும் கட்டினால் மெயின்டனன்ஸ் 3,960 வெள்ளி, சிங்கிங் ஃபண்ட் 396 வரணும். வருவது இரண்டும் சேர்த்து 2,300 சொச்சம். துப்புரவுக்கு 1,000 போகும், மாடிப்படி விளக்கும் தண்ணீர் பம்ப்பும் சேர்ந்து டிஎன்பி மின்சார பில் 600க்கு மேல், அப்புறம் பைப், பல்ப், காப்புறுதி, ஆடிட்டர் ஃபீஸ் என்று மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. பழைய பாக்கி மட்டும் ஏறக்குறைய 38,000 வெள்ளி இருக்கும் என்று பட்டியல் சொல்கிறது. பட்டியலை நம்பலாமா என்பது வேறு கதை.

இதில் பம்ப் பிரச்சினை. இரண்டு பம்ப்பில் ஒன்று போயே போய்விட்டது. இன்னொன்று சீல் பக்கம் தண்ணீர் கசிந்து, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது. அது நின்றால் நாலாம் ஐந்தாம் மாடி ஆட்கள் வாளி தூக்கித்தான் ஏறணும். இரண்டையும் பேனலோடு மாற்ற 11,800 வெள்ளி என்று கோட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். சிங்கிங் ஃபண்டில் கையிருப்பு 212 வெள்ளி. எங்கே போனது என்று பார்த்தால், முன்பு இருந்த நிர்வாக ஏஜெண்ட் விளக்கு பில்லுக்கெல்லாம் அதிலிருந்தே எடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கமிட்டியில் ஆளுக்கொரு யோசனை. தலைவர் கட்டணத்தை 60 வெள்ளி ஆக்கலாம் என்கிறார். ஒரு அண்ணன் கட்டாதவர்கள் வீட்டுத் தண்ணீரை வெட்டலாம் என்கிறார். இன்னொரு அக்கா, நாமே இருபது பேர் சேர்ந்து ஒரு கூட்டு (ஏலச்சீட்டு) போட்டு முதல் ஏலத்தில் எடுத்து பம்ப் வாங்கிவிட்டு மாதாமாதம் அடைக்கலாம் என்கிறார். எனக்கு எதுவுமே சரியாகப் படவில்லை, ஆனால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ரசீதுப் புத்தகமே மூன்று ஓடுகிறது, மூன்று பேர் கையில்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொக்கை ராசா எழுதியது:

தண்ணீரை வெட்டுங்கள், ஒரே நாளில் எல்லாம் வந்து நிற்பான். ஆஸ்ட்ரோ டிவிக்கு மாதம் 100 வெள்ளி கட்டத் தெரிகிறது, 45 வெள்ளிக்கு மட்டும் கஷ்டமாம்.

ஓய்வு கிராணி எழுதியது:

மகளே, மேலே ஒருத்தர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நான் குவாலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவன், இப்போது எங்கள் பிளாட்டில் கணக்குப் பார்க்கிறேன், உன் கதையில் பாதி எங்கள் கதை.

முதலில் 60 வெள்ளிப் பேச்சு. கணக்குப் போட்டுப் பார். இப்போது ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் நாற்பத்தைந்து வீடு என்று வைத்துக்கொள். ஆளுக்கு 15 வெள்ளி ஏற்றினால் மாதம் 675 கூடுதலாக வரும். பம்ப் வாங்க ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் அந்த நாற்பத்தைந்து பேரில் பத்துப் பேர், கட்டாதவன் நன்றாகத்தானே இருக்கிறான், நான் மட்டும் எதற்கு 60 கட்டணும் என்று நிறுத்திவிடுவார்கள். 35 பேர் 60 கட்டினால் 2,100. ஏற்றுவதற்கு முன்னால் 45 பேர் 45 கட்டி வந்தது 2,025. இந்த 75 வெள்ளிக்காக ஒரு ஏஜிஎம் சண்டை வேண்டுமா? அதே சமயம் 38,000 பாக்கியில் பாதி வந்தாலே 19,000. பம்ப் வாங்கி மிச்சமும் இருக்கும். ஆக உன் வேலை கட்டணம் ஏற்றுவது இல்லை, பாக்கி வசூல்தான். ஏற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை, 45 வெள்ளி இந்தக் காலத்துக்குக் குறைவுதான், ஆனால் வசூல் முக்கால்வாசிக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை எடு.

ஆனால் நாளைக்கே பட்டியலைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டப் போகாதே. பட்டியலை நம்பலாமா தெரியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அதுதான் விஷயமே. மூன்று புத்தகம் ஓடினால் யாரோ கொடுத்த காசு எங்கோ பதியாமல் போயிருக்கும். முதலில் மூன்று புத்தகத்தையும் வாங்கு. ஒவ்வொன்றிலும் கடைசி ரசீதுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு போட்டு, தேதி எழுதி, நீயும் இன்னொரு கமிட்டி ஆளும் கையெழுத்துப் போடுங்கள். மீதிக் காலி ரசீதுகளை எல்லாம் குறுக்கே அடித்துவிடு. அப்புறம் நம்பர் வாரியாகப் புரட்டு. கார்பன் தாளோடு கிழிந்திருக்கும் நம்பர் எது, 'பத்தால்' (ரத்து) என்று எழுதாமலே காணாமல் போன நம்பர் எது, ஒரே தேதியில் வேறு வேறு கையெழுத்து எங்கே என்று பார்த்தாலே முக்கால் கதை தெரிந்துவிடும். பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் போட்ட காசோடு ரசீதுத் தொகையை ஒத்துப்பார். ஒரு வாரத்து ரசீது 630 வெள்ளி, பேங்கில் விழுந்தது 500 என்றால், மீதி 130க்கு ஒரு வவுச்சர் இருக்கணும். இல்லையென்றால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள். சண்டை போடாதே, கேள். பாதி நேரம் துப்புரவு ஆளுக்குக் கையோடு கொடுத்துவிட்டேன் என்பார்கள், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

இனி ஒரே புத்தகம், ஒரே கை. ரொக்கம் வாங்கினால் மறுநாளே பேங்க். வசூல் காசிலிருந்து ஒரு சென் கூட நேரே செலவுக்குப் போகக் கூடாது. கைச்செலவுக்கு 200 வெள்ளி தனியாக வைத்துக்கொள், முடிந்தால் பில்லைக் காட்டித் திரும்ப நிரப்பிக்கொள். தோட்டத்து ஆபீஸில் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். இளசுகளுக்கு ஜேஎம்பி பேங்க் கணக்கிலேயே போனில் காசு கட்டும் டூயிட்நவ் கியூஆர் எடுத்து மாடிப்படியில் ஒட்டிவிடு, யாருடைய சொந்தக் கணக்குக்கும் வேண்டாம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு பக்கம். இன்ன மாதம் கட்டினது, இன்ன மாதம் கட்டாதது, மொத்தம். அந்தப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து அவரவர் வீட்டில் கொடு. "எங்கள் கணக்கில் இவ்வளவு பாக்கி காட்டுகிறது, உங்களிடம் ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள், சரி செய்வோம்." இவ்வளவுதான் எழுதணும். எங்கள் பிளாட்டில் இப்படிக் கொடுத்தபோது ஒரு பாட்டி பால் டின்னில் சுருட்டி வைத்த ரசீதுகளை எடுத்து வந்தார், எங்கள் பட்டியலில் ஏழு மாத பாக்கி என்று இருந்தவருக்கு ஒரு மாதம் கூட பாக்கி இல்லை. அவர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால் அதோடு எங்கள் கதை முடிந்திருக்கும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். தோட்டமோ ஃபேக்டரியோ, சம்பளம் 7ஆம் தேதிக்குள் விழுந்தாகணும் என்பது சட்டம். 8, 9 தேதிக்கு மேல் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போ. 25ஆம் தேதி போனால் கதவே திறக்காது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பழைய பாக்கியைக் கேட்காதே, நடப்பு மாதத்தை மட்டும் வாங்கு. தீபாவளி போனஸ் வரும்போது பழையதைக் கேள்.

ஒன்று சொல்கிறேன். 1960இல் மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, துண்டாடி விற்ற தோட்டங்களை வாங்க, ரப்பர் பால் வெட்டும் ஜனங்கள் மாதம் பத்து வெள்ளி என்று நூறு வெள்ளிப் பங்கு கட்டினார்கள். அன்றைக்கு பத்து வெள்ளி என்றால் சாதாரணமா? நம் ஆட்களுக்குக் கட்டும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தன் காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் கட்டுவார்கள். மாதாமாதம் ஒரு தாள், போன மாதக் கையிருப்பு, வரவு, செலவு, இந்த மாதக் கையிருப்பு, பக்கத்தில் பேங்க் ஸ்டேட்மெண்ட் பிரதி. தமிழிலும் மலாயிலும் எழுதி மாடிப்படி அடியில் ஒட்டு. மூன்று மாதம் விடாமல் ஒட்டிப் பார், பாக்கிக்காரர்களே வந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

கிள்ளான் ஜேஎம்பி எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் கணக்கு விஷயத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துவது 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், சட்டம் 757. சிலாங்கூரில் 2015 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

மெயின்டனன்ஸ் கணக்கும் சிங்கிங் ஃபண்ட் கணக்கும் தனித்தனியாக இருக்கணும், இது கமிட்டியின் விருப்பம் இல்லை, சட்டம். ஜேஎம்பிக்கு சிங்கிங் ஃபண்ட் என்பது கட்டணத்தில் 10 விழுக்காடு, அதனால் உங்கள் 4.50 சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் காசு எதற்கு என்றால் கட்டடத்துக்குப் பெயிண்ட், பொதுச் சாமான்களைப் புதிதாக மாற்றுவது, மேம்படுத்துவது மாதிரி பெரிய செலவுக்கு. விளக்கு பில்லுக்கு இல்லை. ஆக பழைய பம்ப்பைத் தூக்கிவிட்டுப் புதுசு போடுவது சிங்கிங் ஃபண்ட் செலவு. ஆனால் இருக்கிற பம்ப்புக்கு சீல் மாற்றுவதும் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் ரிப்பேர், அது மெயின்டனன்ஸில் வரும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரமே சீலை மாற்றி, செத்துப்போன மோட்டாருக்குக் காயில் கட்ட முடியுமா என்று கேட்பேன். 11,800க்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இன்னும் இரண்டு கோட்டேஷனும் வாங்குங்கள், ஒரே ஆளிடம் வாங்கியதை வைத்து ஏஜிஎம்மில் பேச முடியாது.

வசூல். கட்டணத்துக்கு நோட்டீஸ் கிடைத்து 14 நாளில் கட்டணும், அதற்கு மேல் தாமதமானால் வருஷத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மிகாமல் வட்டி போடலாம், எவ்வளவு என்று பொதுக்கூட்டம் முடிவு செய்யணும். கேட்டும் தரவில்லை என்றால் போராங் 11, அதாவது பாக்கி கேட்கும் 11ஆம் எண் படிவம் அனுப்புங்கள், அதில் குறைந்தது 14 நாள் கொடுக்கணும். அதற்கும் அசையவில்லை என்றால் உங்களுக்கு மூன்று வழி. கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் உங்கள் தொகைக்கு வக்கீல் ஃபீஸ் கட்டாது. ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 250,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், பொதுவாக வக்கீல் வைக்க முடியாது என்பதால் நீங்களே போய் நின்று பேசலாம், அதனால் ரசீதும் வீட்டுக் கணக்குப் பக்கமும் ஒழுங்காக இருந்தால் போதும். இல்லையென்றால் கட்டடக் கமிஷனர், அதாவது நகராண்மைக் கழகத்தில் இருக்கும் சிஓபி, அவரிடம் சத்தியப் பிரமாணத்தோடு விண்ணப்பித்து அந்த வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வாரண்ட் கேட்கலாம். போராங் 11க்குப் பிறகும் தகுந்த காரணமில்லாமல் கட்டாமல் இருப்பது குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று வருஷம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நான் பார்த்த வரைக்கும் போராங் 11 கைக்குப் போனதுமே பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட விதியில் இடம் இருக்கிறது. உள்ளே வர கார்டு அக்சஸ் இருந்தால் நிறுத்தவும் இடம் இருக்கிறது. பாக்கி உள்ளவர் கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் வரை கட்டவில்லை என்றால் ஓட்டுப் போட முடியாது, இதை ஏஜிஎம் நோட்டீஸிலேயே பெரிதாக எழுதுங்கள். ஆனால் தண்ணீரை வெட்டும் அதிகாரம் இந்த ஆயுதங்களில் எங்கேயும் இல்லை. மொக்கை ராசா பேச்சைக் கேட்டு வால்வை மூடினால், அந்த வீட்டு ஆள் உங்களைத் தீர்ப்பாயத்துக்கு இழுப்பார், நீங்கள் கேட்கப் போன பாக்கியும் அதோடு அமுங்கிவிடும்.

கூட்டு வேண்டவே வேண்டாம். 1971இலிருந்து கூட்டு நிதித் தடைச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், தெரியும், ஆனால் ஜேஎம்பி பேர் போட்ட ஒரு விஷயத்தில் அது கலந்தால் ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நடுவில் ஒருத்தர் ஏலம் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டினால் பம்ப்பும் இல்லை, உறவும் இல்லை.

மலிவு விலை பிளாட் என்பதால் வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் பராமரிப்பு உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். கூரை, தண்ணீர்த் தொட்டி, பைப் மாதிரி பொது இடத்து வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். சிஓபி ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஆடிட் செய்த கணக்கைக் கேட்கலாம் என்பதால் அதைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். உடனே கிடைக்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

நாலாம் மாடி எழுதியது:

நான் உங்கள் பிளாட் இல்லை, வேறு இடம், ஆனால் நான் பாக்கி வைத்திருக்கும் ஆள்தான். இங்கே எல்லாரும் வசூலிக்கிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் இறந்ததிலிருந்து சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) காசிலும் நான் செய்யும் பலகார வியாபாரத்திலும்தான் ஓடுகிறது. வீடு இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் இருந்தவரை ஒரு மாதம் தவறாமல் கட்டினார். பிறகு எங்கள் மேல்மாடியில் தண்ணீர் ஏறவில்லை, கூரை ஒழுகி சமையலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. போய்ச் சொன்னால் காசில்லை என்றார்கள். காசு எங்கே என்றால் கணக்குக் காட்ட ஆளில்லை. அப்போது நிறுத்தியதுதான். பிறகு பார்த்தால் தொகை ஏறி ஏறி, இப்போது மொத்தமாகக் கட்டு என்றால் எங்கே போவேன்? போன வருஷம் போர்டில் பேர் ஒட்டினார்கள். இறந்துபோன மனிதர் பேரை. என் பையன் பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போனான். ஆஸ்ட்ரோ எங்கள் வீட்டில் கிடையாது, மொக்கை ராசா அண்ணே.

கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. யாராவது வந்து உட்கார்ந்து, எவ்வளவு, எப்படிக் கொடுக்க முடியும் என்று கேட்டிருந்தால் எப்போதோ ஆரம்பித்திருப்பேன்.

மொக்கை ராசா எழுதியது:

அக்கா, உங்களைச் சொல்லவில்லை. மன்னிக்கணும்.

கிள்ளான் ஜேஎம்பி எழுதியது:

அக்கா, நேராகவே சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். கூரை ஒழுகுகிறது, கணக்குக் காட்டவில்லை என்று கட்டணத்தை நிறுத்த சட்டம் இடம் தரவில்லை. அது வேறு புகார், அதை நீங்கள் தனியாக சிஓபியிடமோ தீர்ப்பாயத்திலோ கொடுக்கலாம், கணக்கைப் பார்க்கக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. நிறுத்தியதால் கூரைக்கும் காசில்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஆனால் இறந்தவர் பேரை ஒட்டியது எனக்கும் சரியாகப் படவில்லை. அப்படிப்பட்ட வீடுகள் தோட்டத்து ஜனங்கள் இருக்கும் பிளாட்டில் நிறைய. அப்பா பேரில் வீடு, அப்பா போய்விட்டார், பிள்ளைகள் பெயர் மாற்றவில்லை, ஒரு பிள்ளை உள்ளே இருக்கிறார், மற்றவர்கள் ஷா ஆலாமிலும் ஜொகூரிலும். அந்த நோட்டீஸுக்கு யார் பதில் சொல்வது? பந்திங் தங்கச்சி, உங்கள் பட்டியலில் முதலில் இவர்களைத் தனியாகப் பிரியுங்கள். உள்ளே இருப்பவரோடு பேசி எழுத்தில் ஒரு தவணை ஒப்பந்தம் போடுங்கள், நடப்பு மாதக் கட்டணமும் பழைய பாக்கிக்கு 20 வெள்ளியும் என்பது மாதிரி. பெயர் மாற்றத்துக்கு நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பிரிவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

எழுத்தில் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடனைக் கோர ஆறு வருஷம் என்று காலவரம்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் 38,000இல் பழைய ஏஜெண்ட் காலத்துப் பாக்கி எவ்வளவு என்று தெரியாது, ரொம்பப் பழையதைக் கேட்டால் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ கொஞ்சம் கட்டினாலோ அந்த ஆறு வருஷம் அன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

ஓய்வு கிராணி எழுதியது:

நாலாம் மாடி அம்மா எழுதினது எல்லாப் பொருளாளரும் படிக்கணும். பாக்கிக்காரரை மூன்றாகப் பிரிக்கணும் மகளே. முடியாதவர், கணக்குத் தகராறு உள்ளவர், முடிந்தும் கட்டாதவர். போராங் 11 மூன்றாவது ஆளுக்குத்தான். அதுவும் பெரும்பாலும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே இருக்கும் சொந்தக்காரர்களாக இருப்பார்கள், ஒரு வீட்டில் எட்டுப் பேரைப் போட்டு மாதம் 700 வாடகை வாங்குவார்கள், 45 வெள்ளிக்கு போன் எடுக்கமாட்டார்கள். கட்டணம் கட்ட வேண்டியது சொந்தக்காரர்தான், வாடகைக்கு இருக்கும் அந்தப் பையன்களைத் தொந்தரவு செய்யாதே. உன் பட்டியலில் பெரிய தொகை இவர்களிடம்தான் இருக்கும், பார். அங்கே ஆரம்பி. ஏழை வீட்டில் ஆரம்பித்தால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், பெரிய ஆள் தப்பித்துக்கொள்வான்.

பாக்கியைத் தள்ளுபடி செய்கிறோம் என்ற பேச்சு கமிட்டியில் எழும். அசலில் கை வைக்காதீர்கள். ஒழுங்காகக் கட்டிய பாட்டி வந்து என் காசைத் திருப்பிக் கொடு என்பார், நியாயம்தானே. வட்டி விஷயத்தில் வேண்டுமானால் தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்குச் சலுகை பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசுங்கள்.

பந்திங் பிளாட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிராணி ஐயா சொன்ன மாதிரி நேற்று ராத்திரி பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. 38,000இல் ஏறக்குறைய 17,000 ஒன்பது வீட்டில், ஒன்பதும் வாடகை வீடு. அதில் மூன்று வீடு ஒரே ஆளுடையது. தலைவரிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, 60 வெள்ளிப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டார். சீல் மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது.

நாலாம் மாடி அக்கா, எங்கள் போர்டில் இருந்த பழைய பட்டியலை எடுத்துவிட்டேன், கணக்கு சரிபார்த்து முடியும் வரை ஒட்டமாட்டோம்.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. கீழே ஒரு கடைக்காரர், மளிகைக் கடை வைத்திருக்கிறார், என் கடைக்குத் தண்ணீர் நேர் பைப்பில் வருகிறது, பம்ப்பும் வேண்டாம் மாடிப்படியும் வேண்டாம், எனக்கு எதற்கு 90 வெள்ளி என்று கேட்கிறார். கேட்பதில் நியாயம் இருக்கிற மாதிரியும் தெரிகிறது. அப்புறம், வீட்டுக்கு ஒரு பக்கம் என்று ஐயா சொன்னதற்கு கார்டு அச்சடிக்கணுமா, கம்ப்யூட்டரில் எக்செல் போதுமா?

கிள்ளான் ஜேஎம்பி எழுதியது:

மளிகைக் கடைக்காரர் கேட்பதை எல்லாப் பிளாட்டிலும் ஒருத்தர் கேட்பார். முதல் மாடிக்காரர் எனக்குக் கூரை வேண்டாம் என்பார், ஐந்தாம் மாடிக்காரர் எனக்குக் கீழ்க் கால்வாய் வேண்டாம் என்பார். கட்டணம் உபயோகத்தை வைத்து இல்லை, ஷேர் யூனிட்டை, அதாவது அந்த வீட்டுக்கோ கடைக்கோ உள்ள பங்கு எண்ணை வைத்து. பரப்பளவும் அந்த இடம் எதற்கான இடம் என்பதற்கான எடையும் சேர்த்து சட்டத்தின் முதல் அட்டவணையில் கணக்கு இருக்கிறது. ஜேஎம்பி ஷேர் யூனிட்டுக்கு ஒரே விகிதம்தான் வைக்கணும், ஆளுக்கொரு விகிதம் வைக்க முடியாது, மெனாரா ராஜாவாலி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் அதுதான்.

ஆனால் ஒன்று. "கடைக்கு இரட்டிப்பு" என்று எழுதினீர்களே, அது ஷேர் யூனிட் கணக்கில் வந்த இரட்டிப்பா, யாரோ வாய்க்கு வந்தபடி வைத்ததா? அதைப் பாருங்கள். டெவலப்பரோ பழைய ஏஜெண்டோ ஒப்படைத்த காகிதத்தில் ஷேர் யூனிட் பட்டியல் இருக்கணும், இல்லையென்றால் சிஓபியிடம் கேளுங்கள். கணக்குப் போட்டு 90க்குக் குறைவாக வந்தால் அவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். கூட வந்தால் ஏஜிஎம்மில் வைத்துத்தான் ஏற்றணும்.

ஓய்வு கிராணி எழுதியது:

எக்செல் வைத்துக்கொள், ஆனால் அதை மட்டும் நம்பாதே. நாளைக்கு நீ கல்யாணம் ஆகிப் போய்விடுவாய், லேப்டாப்பும் உன்னோடு போய்விடும். கார்டெல்லாம் அச்சடிக்க வேண்டாம், செலவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கெட்டி அட்டைக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கு, வருஷத்துக்கு ஒரு நோட்டு. எழுத ஆரம்பிக்கும் முன்னால் எல்லாப் பக்கத்துக்கும் பேனாவால் நம்பர் போட்டுவிடு, ஒரு தாளைக் கிழித்தால் தெரியணும். செக்கில் இரண்டு கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. காலிச் செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லித் தலைவர் கேட்பார், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் போடாதே.